எங்கள் மோட்டார் ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்து விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் நம் அண்ணன் போன மாதம் காலமானது உங்களுக்குத் தெரியும். நாற்றுப் பறிக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் துக்கத்துக்கு வந்தீர்கள், காரியத்துக்கு அரிசி மூட்டை இறக்கினீர்கள். அவர் குடும்பத்தின் சார்பிலும் கடையின் சார்பிலும் நன்றி.

நாலைந்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "அங்கே கட்டின மோட்டார் ஒரு மாசத்துல எரிஞ்சு போச்சு, கை நடுங்க நடுங்கக் குடிச்சுட்டுக் கட்டினா வேற எப்படி இருக்கும்" என்கிறார்கள். மோட்டார் சங்கதிக்குப் பிறகு வருகிறோம். அண்ணன் குடிக்கிறவர் இல்லை. அவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைநடுக்கம் அந்த மாத்திரையால் வந்தது. அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். "எழுதுங்க, மூடி மூடி வச்சுத்தானே இந்தப் பேச்சு வந்துச்சு" என்றார்.

அவர் போன் எடுக்காததைத் திமிர் என்று நினைத்துக் கோபப்பட்டவர்களும் உண்டு. விடியக்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது, சோறு இறங்காது, ஒரு நட்டைக் கழற்றக்கூட உடம்பு எழும்பாது. அந்த நோய் அப்படித்தான் செய்யும். மாத்திரை பிடிக்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தேறிவிட்டோம் என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குறுவை நெருக்கடியில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தள்ளிப் போட்டபோது, வேலையை நிறுத்தி அவரை அனுப்பியிருக்க வேண்டியது நாங்கள். அந்தத் தப்பு எங்களுடையது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மனஸ் என்ற அரசு உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இப்போது அந்த மோட்டார். 5 எச்பி மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாய் இருப்பது), மூன்று பேஸ் காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த ஸ்டார் கனெக்‌ஷன். திறந்து பார்த்தால் இரண்டு பேஸ் காயில் கரிக்கட்டை, மூன்றாவது பேஸில் வார்னிஷ் பளபளப்புக்கூடப் போகவில்லை. கட்டியதில் கோளாறு என்றால் பெரும்பாலும் காயில் உட்காரும் ஒரு ஸ்லாட்டிலோ ஒரு முனையிலோ ஷார்ட் ஆகி, செம்பு உருகி மணியாக நிற்கும். வோல்டேஜ் குறைவு என்றால் மூன்று பேஸும் ஒன்றுபோலக் கறுக்கும். ஸ்டாரில் இரண்டு மட்டும் எரிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைன் போயிருக்கிறது என்று அர்த்தம். பியூஸ் போயிருக்கலாம், ஸ்டார்ட்டர் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். மிச்ச இரண்டு லைன் 1.7 மடங்கு ஆம்பியர் இழுக்கும், 7.5 இழுக்கிற இடத்தில் 13. ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற ரிலேவை அதற்கு மேல் ஏற்றி வைத்திருந்தது, ஒரு லைன் போனால் நிறுத்துகிற ப்ரிவென்டர் வயரைக் கழற்றி நேராகக் கொடுத்திருந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்றங்கால் காய்கிறது, பில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணற்றை விட்டால் வழியில்லை. அந்த அவசரம் எங்களுக்கும் தெரியும். அதற்காக அண்ணன் கைமேல் பழி போட வேண்டாம்.

அவர் நோட்டு கடையில்தான் இருக்கிறது. கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் விரல். பழைய காயிலை அறுப்பதற்கு முன்பே ஸ்லாட் எத்தனை, பிட்ச் (காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு) என்ன, சுற்று எத்தனை, மைக்ரோமீட்டரில் கம்பி கனம் எவ்வளவு என்று எழுதிவிடுவார். "24 ஸ்லாட், 1-12, 2-11" என்று ஒரு பக்கம். இந்த வருஷத்துப் பக்கங்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு டிக். தன்மேல் நம்பிக்கை குறைந்த நாளில் சுற்றை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். அந்த மோட்டாருக்கும் இரண்டு டிக் இருக்கிறது, இன்சுலேஷன் பார்க்கிற மெக்கரில் 50 மெகாஓம் என்றும் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பாருங்கள்.

கட்டிய காயிலை வார்னிஷில் குமிழ் வருவது நிற்கும்வரை முக்க வேண்டும், வடியவிட்டு அடுப்பில் எட்டு மணி நேரம் காய வேண்டும். ஐப்பசி ஈரத்தில் இன்னும் கூட. அதை அவசரப்படுத்த மாட்டோம் என்ற அவர் பிடிவாதம் அப்படியே தொடரும். அவரிடம் தொழில் பழகிய இரண்டு தம்பிகள் கட்டுகிறார்கள். மூன்று நாளில் கொடுத்த வேலைக்கு இனி எட்டு நாள் ஆகும். கேரண்டி மூன்று மாதம், புதுக் கூலி பலகையில் இருக்கிறது. மோட்டாரோடு ஸ்டார்ட்டரையும் கழற்றிக்கொண்டு வாருங்கள், ரிலேவும் ப்ரிவென்டரும் இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறோம்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் இந்த வாரம் மோட்டாரை எங்களிடமே கொண்டுவந்து இறக்கியவர்களை மறக்க மாட்டோம்.

அண்ணன் கட்டி முடித்த நான்கு மோட்டார் டெலிவரிக்குத் தயார். சீட்டுத் தொலைந்திருந்தாலும் வாருங்கள், நோட்டில் உங்கள் ஊரும் எச்பியும் அவர் எழுத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மோட்டார் ஒர்க்‌ஷாப், மன்னார்குடி