மயில் இல்லாத பயோடேட்டா

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேது,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஆறு மாதமாகப் பேச்சு மூச்சு இல்லாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே, பணம் கேட்கப் போகிறானோ என்று பயப்படாதே. ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து என்னை மன்னித்துவிடுவாய். அப்படிச் சுலபமாகத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

சென்ற புதன்கிழமை தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஓர் ஆள் எடுக்க வேண்டும் என்று எங்கள் எச்.ஆர். பெண் 140 பயோடேட்டாவை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மாலை ஐந்துக்குள் பத்துப் பேராகக் குறைத்துத் தர வேண்டுமாம். முதல் இருபதை ஒழுங்காகப் படித்தேன். அதற்கு மேல் எவனாலும் படிக்க முடியாது, சேது. இப்போது எங்கே வேலை, என்ன பதவி, எத்தனை வருஷம், என்ன படிப்பு என்று கண் தேடும். அகப்பட்டால் கொஞ்சம் நிற்கும். அகப்படாவிட்டால் கை அடுத்த தாளுக்குப் போய்விடும். அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் ஆளெடுப்பவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்தது. ஒரு பயோடேட்டாவின் முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடிதான் கிடைக்கிறதாம். அதைப் படித்தபோது அநியாயக்காரர்கள் என்று திட்டினேன். புதன்கிழமை அந்த அநியாயத்தை நானே செய்தேன்.

தொண்ணூறைத் தாண்டியிருக்கும். ஒன்று வந்தது. நான்கு ஓரமும் கொடி ஓடியது. இடப்பக்கம் இளநீலப் பட்டை, அதற்குள் புகைப்படம். பெயர் சுருள் எழுத்தில் இருந்தது, படிக்க முடியவில்லை. வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஆறு வரி: சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து, நிறுவனத்தின் முன்னேற்றத்துக்கும் துணை நின்று... மீதியை நீயே சொல்லிவிடுவாய். கல்யாணப் பத்திரிகையா என்று முணுமுணுத்தபடி வேண்டாத கட்டின் மேல் போட்டேன். போட்ட வேகத்தில் அது கவிழ்ந்து கடைசிப் பக்கம் மேலே தெரிந்தது. மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதிமொழி. அதற்கு மேலே தந்தை பெயர் என்ற இடத்தில் உன் பெயர், உன் பள்ளிக்கூடத்தின் பெயரோடு.

நம் கயல். பெரிய கோயில் நந்தியின் முன்னால் என் தோளில் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிய்த்த கயல். அவளைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. படத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எடுத்து முழுவதும் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குகளுக்குச் சற்று மேலே, மூன்றே வரி. அவள் வேலை பார்க்கும் பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையில், வார்ப்புகளில் காற்றோட்டை விழுந்து வீணாகிக்கொண்டிருந்தனவாம். வார்ப்பு அச்சுக்கான மணலின் ஈரத்தை நாளுக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மாற்றி, கழிவை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். எட்டே மாதத்தில்! நான் தேடிய ஆள் அதுதான், சேது. அவளைத்தான் கல்யாணப் பத்திரிகை என்று தூக்கிப் போட்டேன்.

அந்தக் கொடி யார் கைவண்ணம் என்று நான் கேட்க வேண்டுமா? அதன் சுழியை முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் கரப்பான் பூச்சிக்குப் பக்கத்தில் மயில் வரைந்தவன்தானே நீ. வாத்தியாருக்கு நீ சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, இந்தக் கடிதத்தைத் தங்கச்சியும் படிப்பாள்.

ஓவிய ஆசிரியரே, கொஞ்சம் கேள். பெரிய கம்பெனிகளில் தாள் மனிதன் கைக்கு வருமுன் மென்பொருள் ஒன்று எழுத்தைப் பிரித்தெடுத்து அடுக்கும். பட்டையும் கட்டமும் அதற்கு ஆகாது. கயல் அனுப்பிய கோப்பில் எல்லாவற்றையும் நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். தர ஆய்வாளர், கூடைப்பந்து, தமிழ், ஆங்கிலம், இரண்டு ஆண்டுகள் என்று எல்லாம் ஒரே வரியில் கலந்து வந்தது. பாவம், அந்த மென்பொருள் அவளை என்னவென்று நினைக்கும்?

பயோடேட்டா பக்கவாட்டில் பிரியாமல் ஒரே நெடுவரிசையாக இருக்கட்டும். மேலே பெயர், கைபேசி, மின்னஞ்சல், ஊர். உடனே இப்போதைய வேலை: பதவி தடித்த எழுத்தில், ஆண்டுகள் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக. அதன்கீழ் முதல் வரியிலேயே அந்த 8, அந்த 3. சாதாரண எழுத்துரு, 11 புள்ளி. ஓரத்தில் வெள்ளை இருக்கட்டும். உனக்கு அது காலியாகத் தெரியும், ஆனால் கண் அங்கேதான் மூச்சு விடுகிறது. இரண்டு வருஷ அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, மதம், உறுதிமொழி எதுவும் வேண்டாம். தந்தை பெயரும் வேண்டாம். என்னிடம் அது வேலை செய்தது, சரி. அடுத்த கம்பெனியில் உன்னை யாருக்குத் தெரியும்?

உன் குலசாமி லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று பிரபுவுக்குத் தேவையானதை எண்போட்டு முதலில் வைத்துவிட்டு, ஓவியமும் வரைவேன் என்று கடைசியில்தான் சொல்கிறார். அவரே அப்படி. நீ கொடியில் ஆரம்பிக்கிறாய்.

இது என் நண்பன் மகளுடையது, நான் முடிவு செய்வது முறையல்ல என்று எச்.ஆர். பெண்ணிடம் சொல்லி, உற்பத்திப் பிரிவில் இன்னொருவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. தள்ளிவைத்த மற்றவர்களின் அப்பாக்களை எனக்குத் தெரியாதே. வியாழக்கிழமை ஏழரைக்கே போய் அந்தக் கட்டை மறுபடி பிரித்து, இரண்டாம் பக்கங்களின் அடிப்பகுதியை மட்டும் படித்தேன். மூன்று பேரைத் திரும்ப எடுத்தேன். பத்து பதின்மூன்றானதில் எச்.ஆர். பெண் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கயலின் விவரங்களை ஒரே பக்கத்தில் பென்சிலால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடு. நீ அதன்மேல் பேனா வைக்காதே. நான் தூக்கிப் போட்டதைச் சொல்வதானால் முழுதாகச் சொல். பொங்கலுக்கு வரும்போது அவளிடம் நானே திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாணிக்கம்

பி.கு.: உறையின் மூலையில் நான் வரைந்திருப்பது மயில். வாத்து அல்ல.