முடிவு கால்பந்துடையது, பயணம் கூடைப்பந்துடையது: டாரா வான்டெர்வீருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய பயிற்சியாளர் டாரா வான்டெர்வீர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தது 1985இல். அதற்கு அடுத்த பருவத்தில்தான் அமெரிக்க மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் லீக்கான பேக்-10 பெண்கள் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் நீங்கள் ஓய்வை அறிவித்தீர்கள். அதே ஆகஸ்டுக்குள் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறி, பேக்-12 என்று வளர்ந்திருந்த அந்த லீக்கில் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே எஞ்சின. மேற்குக் கரைப் பெண்கள் லீக்கின் பிறப்பையும் கலைப்பையும் கண்ட பயிற்சியாளர் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

கலைந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறொரு லீக்குக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த கோடையில் கொலராடோ கிளம்பியது. சில நாட்களிலேயே ஓரிகன், வாஷிங்டன், யூட்டா, அரிசோனா, அரிசோனா ஸ்டேட் என்று வரிசையாக நடையைக் கட்டின. 2023 செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்க்லிக்கும் அட்லாண்டிக் கடலோர லீக்கான ஏசிசியில் இடம் கிடைத்தது. பசிபிக் கரையில் இருக்கும் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் லீக்கில்! அதுவும் முதல் ஏழு ஆண்டுகளுக்கு, லீக்கின் தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு முழுப் பங்கின் 30 சதவீதம் மட்டும் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டு.

இந்தப் பேரம் எதிலும் பெண்கள் கூடைப்பந்து பேசுபொருளாக இல்லை. எல்லாம் அமெரிக்கக் கால்பந்துக்கான தொலைக்காட்சிப் பணம். ஆனால் கால்பந்து அணி வாரத்துக்கு ஒரு முறை ஆடுகிறது; பருவம் முழுவதிலும் வெளியூர்ப் பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூடைப்பந்து அணி குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் குளிர்காலக் கல்விப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. லீக் ஆட்டங்கள் குவிவதும் அப்போதுதான். மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்து வட கரோலினாவிலோ புளோரிடாவிலோ ஆடிவிட்டு, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்.

பேக்-12இன் வாரம் எவ்வளவு அறிவோடு அமைக்கப்பட்டிருந்தது என்பதை உங்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. எல்லாரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஓரிகனோடு ஆட்டம். பிறகு சுமார் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் கார்வாலிஸ், ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓரிகன் ஸ்டேட். லாஸ் ஏஞ்சலஸ் போனால் ஒரே நகரத்தில் இரண்டு எதிரிகள். இதனால் மிச்சமானது பயண நேரம் மட்டுமல்ல. ஆண்டுக்கு ஆண்டு அதே ஆட்கள், அதே அரங்கங்கள் என்று ஒருவரையொருவர் கூர்தீட்டிக்கொண்டார்கள். 1992க்குப் பிறகு 29 ஆண்டுகள் காத்திருந்து 2021இல் நீங்கள் வென்ற மூன்றாவது தேசியப் பட்டத்தின் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார்? அரிசோனா. 54-53. ஒரே லீக்கின் இரண்டு அணிகள் நாட்டின் கடைசி ஆட்டத்தை ஆடின.

கடைசிப் பருவத்தில் அந்த லீக் இன்னும் உச்சத்தில் இருந்தது. ஏழு அணிகள் தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டிக்குத் தகுதி பெற்றன. 2024 ஜனவரி 21 அன்று, உங்கள் சொந்த அரங்கமான மேப்பிள்ஸ் பெவிலியனில் ஓரிகன் ஸ்டேட்டை வென்று, ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கியின் 1,202 வெற்றிகளைத் தாண்டினீர்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே தரையில் யுஎஸ்சியின் ஜூஜூ வாட்கின்ஸ் 51 புள்ளிகள் குவித்து உங்களைத் தோற்கடித்தார். யுஎஸ்சி எடுத்த 67இல் 51! தோல்விதான். ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ் பெண் ஒருத்தி பாலோ ஆல்டோவுக்கு வந்து அப்படி ஆடுவதும், அடுத்த ஆண்டு அதற்குப் பதில் சொல்ல ஸ்டான்ஃபோர்டு காத்திருப்பதும்தான் ஒரு லீக்குக்கு உயிர். அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை. உங்கள் கடைசி ஆட்டத்தில், போர்ட்லண்டில் உங்களை வீழ்த்தியது நார்த் கரோலினா ஸ்டேட். ஸ்டான்ஃபோர்டு நுழையவிருந்த ஏசிசியின் அணி.

பிறகு நடந்தது வலிக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்த கேட் பேயின் முதல் பருவத்தில் அணி 16 வெற்றி, 15 தோல்வி. 1988 முதல் நடந்த ஒவ்வொரு என்சிஏஏ போட்டியிலும் ஆடிவந்த ஸ்டான்ஃபோர்டுக்கு 2025இல் அழைப்பு வரவில்லை. இதைப் புதிய பயிற்சியாளரின் தோல்வி என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதே சமயம், எல்லாப் பழியையும் விமானப் பயணத்தின் தலையில் சுமத்தவும் எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அணியின் கேமரன் பிரிங்க் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். உங்கள் கடைசி மேப்பிள்ஸ் ஆட்டத்தில், அயோவா ஸ்டேட்டுக்கு எதிராக 41 புள்ளிகள் எடுத்த கிகி இரியாஃபென், சொந்த ஊரான லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பி யுஎஸ்சியில் சேர்ந்தார். அந்த யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் இதே நெடும்பயணத்தைச் செய்துகொண்டே செழித்தன. 2025இல் யுசிஎல்ஏ தேசிய அளவில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானது. ஆட்டக்காரர்கள் விரும்பியபோது அணி மாறலாம் என்ற புதிய காலத்தில், லீக் மாற்றம் வலுத்தவனை மேலும் வலுப்படுத்துகிறது, தடுமாறுகிறவனைத் தள்ளிவிடுகிறது. ஆனால் அவ்விரண்டு அணிகளும் பிக் டென் பட்டத்துக்காக மோதியது எங்கே தெரியுமா? இண்டியானாபொலிஸில். அண்டை வீட்டுக்காரர்கள் தங்கள் சண்டையைத் தீர்த்துக்கொள்ள அரை நாட்டைத் தாண்டிப் பறக்க வேண்டியிருந்தது.

ஸ்டான்ஃபோர்டைவிட ஓரிகன் ஸ்டேட்டை நினைத்துத்தான் நான் அதிகம் கலங்குகிறேன். 2024இல் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்று அது. லீக் போனது, ஆட்டக்காரர்களும் போனார்கள். ரேகன் பியர்ஸ் ஓக்லஹோமாவுக்கு, டாலியா வான் ஓல்ஹாஃபன் யுஎஸ்சிக்கு, டிமியா கார்டினர் யுசிஎல்ஏவுக்கு. பயிற்சியாளர் ஸ்காட் ரூக் கிட்டத்தட்ட வெறும் கையோடு தொடங்கி, வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில் ஆடி, 2025 என்சிஏஏ போட்டிக்கு அணியைக் கொண்டுவந்துவிட்டார். அந்த உழைப்பை வணங்குகிறேன். அவரை அந்த நிலையில் நிறுத்திய முடிவை மன்னிக்க முடியவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை என்பதற்குக் கனெக்டிகட் பல்கலைக்கழகம் சாட்சி. 2013இல் பழைய பிக் ஈஸ்ட் லீக் உடைந்தபோது அவர்களும் அமெரிக்கன் லீக்குக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே ஏழு பருவங்கள் ஆடி ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வென்றும் பயனில்லை, நாட்டர் டேம் போன்ற பழைய எதிரிகள் அந்த லீக்கில் இல்லை. கடைசியில் 2020இல், வெளியேறும் கட்டணமாக 1.7 கோடி டாலர் கொடுத்துப் பிக் ஈஸ்டுக்குத் திரும்பினார்கள். கால்பந்து அணியைத் தனியே எந்த லீக்கிலும் சேராமல் ஆட விட்டார்கள். கூடைப்பந்துக்காகக் கால்பந்தை ஒதுக்கி வைக்கும் துணிவு ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கால்பந்து எந்தக் கரையில் வேண்டுமானாலும் ஆடட்டும். மற்ற விளையாட்டுகளை அவரவர் வட்டாரத்துக்குத் திருப்பித் தாருங்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர்களிடம் நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1,216 வெற்றிகளோடு ஓய்வுபெற்றவர் பேசினால் கேட்காமல் இருப்பது அவர்களுக்குக் கடினம். அது நடக்கும்வரை, லீக்குக்கு வெளியே உள்ள ஆட்டங்களின் பட்டியலிலாவது பழைய உறவைக் காப்பாற்றச் சொல்லுங்கள். ஓரிகன் ஸ்டேட்டோடு ஆண்டுதோறும் ஓர் ஆட்டம், ஓராண்டு மேப்பிள்ஸில், அடுத்த ஆண்டு கார்வாலிஸில், பத்து ஆண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தமாக. அதற்கு எந்தத் தொலைக்காட்சியின் அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். இரண்டு பயிற்சியாளர்கள் மனம் வைத்தால் தொடங்கிவிடலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் அணியை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகை