தொண்ணூற்றுக்குள் ஒரு நூறு: டாட்டி விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் இருக்கும் நம் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கணினியிடம் கொடுப்போம். அது பல மொழிகளில் மாற்றித் தரும். போன பருவத்தில் அப்படி வந்த தமிழ்க் கடிதத்தில் ‘பேக்ட் லஞ்ச்’ (வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் மதியச் சாப்பாடு) என்பது ‘மூட்டை கட்டிய மதியம்’ ஆகியிருந்தது. உங்களில் ஒருவர் அதைப் பள்ளி வாசலில் என்னிடம் காட்டிச் சிரித்தார். சரி, இந்த முறை தமிழ்ப் பிரதியை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதிப் பல வருடமாயிற்று. ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 26 ஐரோப்பிய மொழிகள் தினம். 2001 முதல் கொண்டாடுகிறார்கள். நம் பள்ளியிலும் வருடம் தவறியதில்லை. தோரணம், கொடி, பல மொழிகளில் ‘வணக்கம்’, நீங்கள் கட்டிக் கொடுக்கும் பலகாரம். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் தோரணத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்போம். பிள்ளைகளின் மொழிகளும் அதே பெட்டிக்குள் போய்விடுகின்றன என்று எனக்கு வெகுநாளாக ஓர் உறுத்தல். அதனால் இந்த வருடம் அந்த வாரம் முழுக்க மொழிகளைப் பாடங்களுக்குள்ளேயே கொண்டுபோகச் சொன்னேன். பலகாரத்தை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பிள்ளைகள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

பி5 (பிரைமரி 5, அதாவது தொடக்கப்பள்ளி ஐந்தாம் ஆண்டு) வகுப்பின் கணக்குப் பாடத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பலகையில் 90 என்று எழுதி, அவரவர் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள், அந்தச் சொல்லுக்குள் என்ன கணக்கு இருக்கிறது என்று கேட்டார். பிரெஞ்சில் ‘நாலு இருபது, பத்து’, அதாவது 4×20+10. இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான காலிக்கிலும் முன்பு இருபது இருபதாகத்தான் எண்ணினார்கள் என்றதும் சிரிப்பு அடங்கியது. (இப்போது காலிக் வழிப் பள்ளிகளில் பத்துப் பத்தாக எண்ணுவதைத்தான் சொல்லித் தருகிறார்கள். அப்புறம், அயர்லாந்து மொழியைத்தான் ‘கேலிக்’ என்பார்கள். இங்கே அது ‘காலிக்’. தமிழில் கேலிக் என்று எழுதினால் வேறு வம்பும் சேர்ந்துகொள்கிறது.)

பிறகு ஒரு தமிழ்ச் சிறுமி எழுந்து தொண்ணூறு என்று எழுதினாள். எட்டு, எண்பது, எண்ணூறு சரியாக இருக்கிறது. ஆனால் ஒன்பதுக்குள் ‘பது’ இருக்கிறது, தொண்ணூற்றுக்குள் ‘நூறு’ இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ‘ஆயிரம்’ இருக்கிறது, ஏன் என்று அவளே கேட்டாள். பக்கத்தில் 100−10 என்று எழுதிவிட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டாள். ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று ஒரு பழைய பெயர் இருந்தது என்பதற்கு மேல் என்னால் அவளுக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குறியை அழிக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். இன்னமும் பலகையின் ஓரத்தில் இருக்கிறது.

அதே பாடத்தில் இன்னொன்றும் வெளிவந்தது. வீட்டில் அரபு பேசும் ஒரு பையன் 23 என்று சொன்னால் பல நேரம் 32 என்று எழுதுவான். கவனக்குறைவு என்றே நினைத்திருந்தோம். அரபில் இருபத்து மூன்றை ‘மூன்றும் இருபதும்’ என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேட்டதை அவன் மனதுக்குள் அரபுக்கு மாற்றி, அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறான். அவனே அதை வகுப்புக்கு விளக்கினான். இப்போது எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிக்கிறான். அவனுடைய மொழியைப் பற்றிக் கேட்காமலே ஒரு வருடம் அவன் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறோம்.

பி4-இல் நீர்ச்சுழற்சி. கிளாஸ்கோவில் இந்தப் பாடத்துக்கு உபகரணம் வாங்க வேண்டியதில்லை. விளையாட்டு மைதானத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்பீஸால் குட்டையைச் சுற்றிக் கோடு போட்டு, மதியம் போய்ப் பார்த்தார்கள். (வெயில் அடித்த ஒரே நாள் அது.) தண்ணீர் எங்கே போயிற்று என்றதற்கு ஒரு பிள்ளை, ஆங்கிலச் சொல் தெரியாமல், ‘ஆவியாகிடுச்சு’ என்றது. அதற்கு விஷயம் தெரியும். ஆங்கிலப் பெயர் மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். விஷயமே தெரியாத பிள்ளைக்குப் பெயரைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

பி6 பிள்ளைகள் சுவர் அளவுக்கு ஸ்காட்லாந்து வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். இன்வர்னஸ் என்பதில் ‘இன்வர்’ ஆற்றின் முகத்துவாரம், காலிக். அபர்டீனில் ‘அபர்’ என்பதும் அதே முகத்துவாரம்தான். ஆனால் அது காலிக்குக்கு முன்பு இங்கே பேசப்பட்ட மொழியின் சொல். வடகோடியில் விக் என்ற ஊர்ப்பெயர் கடலோடி வந்த நார்ஸ்காரர்களுடையது, விரிகுடா என்று பொருள். டம்பார்ட்டன் ‘பிரித்தானியரின் கோட்டை’. காலிக் பேசியவர்கள் பக்கத்தில் இருந்த பிரித்தானியரின் ஊருக்கு வைத்த பெயர். தங்கள் குடும்பங்கள்தான் இங்கே புதிதாக மொழிகளைக் கொண்டுவந்தன என்று நினைத்திருந்த பிள்ளைகள் அந்தச் சுவரின் முன் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒருவன் பட்டினம், பாக்கம் என்று முடியும் ஊர்களைத் தன் தாத்தாவிடம் கேட்டு எழுதிவந்தான். ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம்.

ஏரிக்கு இங்கே ‘loch’ என்பார்கள். அதை ‘லாக்’ என்று நான் எழுதினால் அது ஏரியாகாது, பூட்டாகிவிடும். அடித்தொண்டையில் உரசிவரும் அந்தக் கடைசி ஒலியை உருது, அரபு, போலிஷ் பேசும் பிள்ளைகள் முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறினார்கள். எஃகு என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன், சுமாராகப் பக்கத்தில் வந்துவிட்டது. பள்ளியில் ஆய்த எழுத்துக்கு வேலை கிடைத்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை ஒரு மாணவியின் பாட்டி வந்து பேசினார். கிளாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ்தான் அவர் வீட்டு மொழி. ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஐ’ என்று சொன்னதற்காகச் சின்ன வயதில் வகுப்பில் தோல்வாரால் கையில் அடி வாங்கியதைச் சொன்னார். அரசுப் பள்ளிகளில் அந்த அடி 1987-இல்தான் சட்டப்படி நின்றது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2025-இல் நிறைவேறிய சட்டம் காலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ மொழி என்ற நிலையைத் தந்தது. பாட்டிக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் கையை இன்னும் தடவிக்கொண்டேதான் பேசினார்.

அவர் பேசும்போது எனக்கு என் பழைய தவறு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வகுப்பாசிரியராக இருந்த நாட்களில், வேறொரு பள்ளியில், ஓர் அம்மா பி1-இல் பையனைச் சேர்த்துவிட்டுக் கவலையோடு வந்தார். பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்றார். நான் அவரிடம், “வீட்டிலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, சீக்கிரம் பிடிச்சுக்குவான்” என்றேன். தமிழ் அம்மாவிடம், தமிழில். அவர் அப்படியே செய்தார். பையன் ஆங்கிலம் பேசிவிட்டான்; நான் சொல்லாவிட்டாலும் பேசியிருப்பான். சில வருடம் கழித்து அவரைக் கடையில் பார்த்தபோது, ஊரிலிருந்து பாட்டி போன் செய்தால் பையன் ‘ஹலோ’ சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான் என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே நேராகவே சொல்கிறேன்: வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் கதை சொல்ல முடியும், திட்ட முடியும், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியும். அரைகுறை ஆங்கிலத்தில் “கம், ஈட், ஸ்லீப்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆங்கிலம் எங்கள் பொறுப்பு, அதற்கு நாங்கள் இருக்கிறோம். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் 2012 முதல் ‘1+2’ என்றொரு கொள்கை இருக்கிறது. பி1 முதல் ஒரு மொழி, பி5 முதல் இன்னொன்று; நம் பள்ளியில் பிரெஞ்சும் பிரிட்டிஷ் சைகை மொழியும். கூட்டல் குறிக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்த 1, பிள்ளையின் தாய்மொழி.

அடுத்த வாரம் விடுமுறை. பிள்ளைகள் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போன காலத்திலிருந்து இதை ‘டாட்டி விடுமுறை’ என்று சொல்கிறார்கள். ஸ்காட்ஸில் டாட்டி என்றால் உருளைக்கிழங்கு. வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. தாத்தாவிடமோ பாட்டியிடமோ, நேரிலோ போனிலோ, உங்கள் பிள்ளை இதுவரை கேட்டிராத ஒரு சொல்லைக் கேட்டு எழுதிவர வேண்டும். சமையலறைச் சொல், வயல் சொல், வசவு என்றாலும் பரவாயில்லை, கொஞ்சம் மிதமானதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் இல்லையென்றால் இன்னும் நல்லது. அதை வகுப்புக்கு விளக்குவதுதான் விடுமுறைக்குப் பின் முதல் பாடம்.

மற்றவை சுருக்கமாக. பெற்றோர் சந்திப்பு நவம்பரில். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் விடுமுறை முடிந்ததும் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். தயவுசெய்து பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளையும் முழுசாக மொழிபெயர்த்ததில்லை. தமிழ்ப் படப்புத்தகங்கள் வீட்டில் சும்மா இருந்தால் பள்ளி நூலகத்துக்குக் கொடுங்கள். நாங்களே படித்துக் காட்ட முடியாது என்பதால், வியாழன் மதியம் அரை மணி நேரம் வந்து படிக்க யாராவது இரண்டு பேர் கிடைத்தாலும் நன்றாக இருக்கும்.

அப்புறம், ஜம்பர்கள். தொலைந்த பொருட்கள் பெட்டியில் பெயரில்லாத ஜம்பர்கள் குவிந்து கிடக்கின்றன. பெயர் எழுதியிருந்தது ஒன்றில் மட்டும், அதுவும் தமிழில். எங்கள் காவலர் அதை எப்படிப் பிடிப்பது, எது தலை எது கால் என்று தெரியாமல் என் அறைக்குக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடத்தில் உரியவனிடம் போய்ச் சேர்ந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்