சோறும் படுக்கையும்

ஏற்காடு,
மார்கழி 5

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காப்பி ஒரேயடியாகப் பழுத்துவிட்டதால் பேனாவைத் தொட முடியவில்லை. பாப்பா நியூசிலாந்து போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பண்ணையில் வேலை செய்யப் போவதாகச் சொல்கிறாள், ‘நீதான் போய் வந்தவனாச்சே, என்ன செய்யலாம் சொல்லு’ என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் போனது நேபாளத்தில் குல்மி மாவட்டம். ஐந்து வாரம். நம் மலைக்கு 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த மாதிரி, அங்கே 1938-இல் ஹீரா கிரி என்ற துறவி பர்மாவிலிருந்து விதை கொண்டுவந்தார் என்கிறார்கள். அந்தக் கதையைப் படித்துத்தான் அந்த ஊரைத் தேடிப் பிடித்தேன். இரண்டு ஏக்கர் காப்பிக்காரன் என்ற திமிர் வேறு. போன மூன்றாம் நாளே, கவாத்து எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த முப்பது ஹிந்தி வார்த்தைகளில் பாடம் எடுத்தேன். வீட்டுப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு மூங்கில் கூடையை என் முதுகில் மாட்டினார். கேழ்வரகு அறுப்பு நேரம். ஆலோசகரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அந்தக் கூடைக்கு டோக்கோ என்று பெயர். தோளில் வார் கிடையாது. அடியில் சுற்றிவரும் பட்டையை நெற்றியில் கொடுத்து, கழுத்தால் இழுக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நெற்றியில் விபூதிப் பட்டை போலச் சிவப்புத் தடம். அந்தப் பெரியம்மா என்னைவிட இரண்டு மடங்கு சுமந்துகொண்டு, பேசிக்கொண்டே ஏறிப் போவார்.

மகன் கத்தாரில் வேலையில் இருக்கிறான். அந்த மலையில் பாதி வீடுகள் அப்படித்தான். அவன் கட்டிலில்தான் எனக்குப் படுக்கை, அவன் செருப்புதான் எனக்குத் தோட்டத்துக்கு. ராத்திரிக்கு டிடோ என்று ஒன்று கிண்டுவார்கள். நம்ம ராகிக் களியேதான், தொட்டுக்கொள்ள மட்டும் வேறே. சாப்பிட்ட கரண்டியைப் பானைக்குள் விட்டேன், ‘ஜுட்டோ’ என்று வீடே அலறியது. எச்சில் பார்ப்பதில் என் அப்பத்தாவைத் தோற்கடித்துவிடுவார்கள்.

தீபாவளி சமயம் அங்கே ஐந்து நாள் திகார். காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், கடைசி நாள் உடன்பிறந்தவனுக்கு. அன்றைக்கு மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்தாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, கத்தாரில் இருக்கிற அண்ணனுக்குப் பொட்டு வைக்கிறேன் என்று திரையிலேயே ஈரமாவைப் பூச, ‘ஒண்ணும் தெரியலை’ என்று அவன் அங்கிருந்து கத்துகிறான். அப்புறம் என்னை உட்கார வைத்து ஏழு நிறத்தில் திலகமிட்டு, வாடாமல்லி மாலை போட்டாள். மாலை இன்னும் நிறம் போகாமல் என் அலமாரியில் கிடக்கிறது.

சரி, பாப்பா விஷயம். இந்த ஏற்பாடு புதிதல்ல. 1971-இல் சூ கோப்பார்ட் என்ற லண்டன் அலுவலகப் பெண் வார விடுமுறைக்கு இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்யலாமே என்று ஆரம்பித்ததுதான் இன்று 100 நாடுகளுக்கு மேல் பரவிய ‘வூஃப்’. பொதுவாக நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை, வாரத்தில் ஐந்து நாள், பதிலுக்குச் சோறும் படுக்கையும். ஆனால் நியூசிலாந்துச் சட்டத்தில், சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைக்கு ஈடாகச் சாப்பாடும் இடமும் வாங்கினால் அது வேலைதான். சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. வேலை செய்ய அனுமதிக்கும் விசா கிடைத்தால் போகட்டும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. 1950 ஒப்பந்தம் இருப்பதால் நாம் நேபாளத்தில் விசா இல்லாமல் தங்கலாம், வேலையும் செய்யலாம். வாக்காளர் அட்டையைக் காட்டித்தான் விமானம் ஏறினேன்.

இன்னொன்று. அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வாருங்கள், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று எவனாவது கூப்பிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல். அப்பா அம்மா உயிரோடு இருக்கிற பிள்ளைகளை, வெளிநாட்டார் பணத்துக்காகக் கொண்டுவந்து அடைத்து வைத்த கதை நேபாளத்திலும் கம்போடியாவிலும் நிறைய. பண்ணை வீடென்றால், கிளம்பும் முன் அந்த வீட்டுப் பெண்களோடு வீடியோவில் பேசட்டும். தனி அறை உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். பிடிக்கவில்லையென்றால் மறுநாளே கிளம்பும் அளவுக்குக் கையில் பணம் இருக்கட்டும்.

திரும்பி வந்து நம் தோட்டத்துப் பெண்களோடு நானும் கூடை கட்டிப் பழம் பறித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மத்தியானத்துக்குள் அவர்கள் ஆளுக்கு ஒரு சாக்கு நிரப்பிவிட்டார்கள், எனக்கு அரைச் சாக்குத் தேறவில்லை. சாப்பிடும்போது நேபாளக் கதையெல்லாம் சொன்னேன். அவர்களில் வயதான அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, “காசே குடுக்கலையா சாமி? சோத்துக்கா செஞ்ச? எங்க அப்பன் பண்ணையத்துல அப்படித்தான் கெடந்தான்” என்றார். நியூசிலாந்து அதிகாரிகள் இத்தனை பக்கம் எழுதியிருப்பதை அந்த அம்மா ஒரு வாயில் சொல்லிவிட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் நினைத்த நாளில் டிக்கெட் போட்டு வந்துவிட்டேன், அவர் அப்பா எங்கே போவார்?

பாப்பாவை முதலில் இங்கே அனுப்பு. தை முடியும்வரை பறிப்பு இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல் வந்து சேரட்டும், மலைக்குளிரில் காலை ஏழு மணிக்குச் செடியில் கை வைக்கட்டும். சோறு உண்டு, படுக்கை உண்டு, அந்த அம்மாவுக்குக் கொடுக்கிற அதே கூலியும் உண்டு. வரும்போது சேலத்தில் எனக்கு ஒரு தட்டுவடை செட் கட்டி வாங்கிவரச் சொல், காரச் சட்னி தனியாக.

அன்புடன்,
உன் ஏற்காட்டான்