செம்மஞ்சள் சட்டையோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வதிவிடப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செம்மஞ்சள் சட்டை நாளான செப்ரெம்பர் 30ஐ ஒட்டி உங்கள் இதழில் வந்த படங்களைப் பார்த்தோம். பக்கம் நிறைய எங்கள் பிள்ளைகள், எல்லாரும் செம்மஞ்சள் சட்டையில். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பாடசாலைகளின் பெயர்களைப் போட்ட நீங்கள், அன்று பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று ஒரு வரியும் எழுதவில்லை. ஒன்ராறியோ ஆரம்பப் பாடசாலைகளில் படிப்பிக்கும் நாங்கள் அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில், ஒவ்வொரு ஆண்டும் பெற்றார் கேட்கும் கேள்வி: அன்று விடுமுறையா? 2021இலிருந்து மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறை. ஒன்ராறியோவில் அது மாகாண விடுமுறை அல்ல. வார நாளில் வந்தால் பாடசாலை வழக்கம்போல நடக்கும். "துக்கமான விஷயம், சின்னப் பிள்ளைக்கு ஏன்?" என்று தயவுசெய்து மறித்து வைக்காதீர்கள். 1973இல் ஆறு வயதுச் சிறுமியாக பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லியம்ஸ் லேக் அருகே, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்க வைத்த வதிவிடப் பாடசாலைக்குப் போன பிலிஸ் வெப்ஸ்ராட்டின் கதையிலிருந்துதான் இந்த நாள் பிறந்தது. அம்மம்மா வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையை முதல் நாளே பறித்துக்கொண்டார்கள். ஆறு வயதில் நடந்ததை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த முடியும். 2023இலிருந்து தரம் 1 முதல் 3 வரையிலான பாடத்திட்டத்திலும் இது கட்டாயம்.

வயதுக்கு ஏற்ற அளவுதான் முக்கியம். தரம் 1 முதல் 3 வரை சட்டையைப் பறித்தது, தலைமுடியை வெட்டியது, தாய்மொழியில் பேச விடாதது, அண்ணன் தங்கையைப் பிரித்து வைத்தது ஆகிய நான்கும் போதும். மரணங்களும் புதைகுழிகளும் அந்த வயதுக்கு வேண்டாம். தரம் 4க்குப் பிறகு சட்டம், உடன்படிக்கைகள், இப்பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்ட சுமார் 150,000 பிள்ளைகள் என்ற கணக்கு, இங்கேயே பிரான்ற்ஃபோர்ட்டில் 1970 வரை இயங்கிய மொஹாக் நிறுவனம் என்ற வதிவிடப் பாடசாலை ஆகியவற்றுக்குப் போகலாம்.

நல்ல மனத்தோடு செய்து கெடுத்துவிடும் காரியங்கள் சில உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சப்பாத்தைக் கழற்ற வைத்து "இப்படித்தான் இருந்தது" என்று நடித்துக் காட்டுவது அவற்றில் மோசமானது. அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும், வகுப்பில் இருக்கக்கூடிய முதற்குடிப் பிள்ளைக்கும் அது மெய்யான பயம். இறகுத் தலையணி செய்வதும் வேண்டாம். அது உரியவர்கள் உழைத்துப் பெறும் மரியாதை. "என்னை மன்னியுங்கள்" என்று அட்டை எழுத வைப்பதும் தவறு. எட்டு வயதுப் பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை. இது எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று காலையில் வாசிக்கும் நில அங்கீகார வாசகத்தை அப்படியே பிரதி எடுப்பதும் நடக்கிறது. ரொறன்ரோ நகர மையம் பூர்வகுடி மக்களோடு செய்த 13ஆம் உடன்படிக்கைக்கு உட்பட்டது, ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைகள். ஓரிடத்து வாசகத்தை இன்னோரிடத்தில் வாசித்தால், மரியாதை செய்யப் போன இடத்திலேயே அந்த நிலத்துக்குரியவர்களை மறந்ததாகிவிடும்.

இனி, என்ன செய்யலாம் என்பது. எங்கள் அனுபவத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மிக விரைவாக விளங்குவது ஜோர்டன் ரிவர் அண்டர்சனின் கதை. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த, 1999இல் பிறந்த பிள்ளை. பிறக்கும்போதே கடும் நோய். இரண்டு வயதளவில் வைத்தியர்கள் வீட்டுப் பராமரிப்புக்கு விடலாம் என்றார்கள். அந்தச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு வருடத்துக்கு மேல் தர்க்கப்பட்டன. 2005இல், ஐந்து வயதில், வீட்டைப் பார்க்காமலே வைத்தியசாலையில் இறந்தான். முதலில் பிள்ளைக்குத் தேவையானதைக் கொடு, காசுக் கணக்கைப் பிறகு பார் என்பதே ஜோர்டன் கொள்கை. 2007இல் நாடாளுமன்றம் அதை ஏகமனதாக ஏற்றது. ஏற்றதோடு சரி. அதை நடைமுறைப்படுத்தும்படி 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டி வந்தது. ஜோர்டன் கொள்கையின் நினைவாக மே 10இல் பிள்ளைகள் தங்கள் கரடிப் பொம்மையைப் பாடசாலைக்குக் கொண்டு வருகிறார்கள். இந்தக் கதையைக் கேட்ட தரம் 2 பிள்ளை கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "ஏன் ஒருவர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு மற்றவரிடம் வாங்கவில்லை?"

அந்தக் கேள்வியைக் கடிதமாக்கி உரியவருக்கு அனுப்புங்கள். ஒட்டாவாவில் உள்ள நாடாளுமன்ற முகவரிக்கு உறுப்பினருக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. தொகுதி அலுவலகத்துக்கோ மாகாண அமைச்சருக்கோ எழுதினால் முத்திரை ஒட்ட வேண்டும். தரம் 1, 2 என்றால் ஒரு படமும் ஒரு வசனமும். தரம் 3க்கு மேல் ஐந்தாறு வசனம்: நான் படித்தது ஒன்று, நான் கேட்டுக்கொள்வது ஒன்று, கடைசியில் பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு கேள்வி. கேள்வி இல்லாத கடிதத்துக்கு "உன் கடிதம் கிடைத்தது, நன்றி" என்றுதான் வரும். கீழே பிள்ளையின் முதற்பெயரும் வகுப்பும் மட்டும், முகவரி பாடசாலையுடையது. கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடாதீர்கள். போட்டால் இருபத்தைந்து கடிதமும் ஒரே கடிதமாகப் போகும், பதிலும் ஒன்றே வரும். எழுத்துப் பிழையைத் திருத்தவும் வேண்டாம். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால், முதற்கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுத வையுங்கள்.

என்ன கேட்பது என்று தடுமாறத் தேவையில்லை. ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்ராகா என்ற பூர்வகுடிச் சமூகத்தில், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கும்படி 1995இல் வந்த அறிவிப்போடு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. தரம் 5 பிள்ளைக்கு இது ஒன்றே போதும். பெப்ரவரி 14இலும் இப்படிக் கடிதம் எழுதும் வழக்கம் நாடு முழுவதும் உண்டு.

பெற்றாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு விடுத்த, செயலுக்கான 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் குடிவந்த எங்களைப் பற்றியவை. 2021இல் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் மாற்றப்பட்டு, பூர்வகுடி மக்களின் உடன்படிக்கை உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பை மதிப்பேன் என்ற வாசகம் சேர்ந்தது. அண்மையில் சத்தியம் செய்தவர்கள் அதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். "எங்களுக்கும் இதுதான் நடந்தது" என்று பேச்சைத் தொடங்குவதில் தவறில்லை. பேச்சு முழுவதும் எங்களைப் பற்றியே போனால் பிள்ளை கேட்க வந்த கதை கேட்கப்படாமலே போய்விடும்.

கடைசியாக, பூர்வகுடி மூத்தோர் ஒருவரை வகுப்புக்கு அழைக்க விரும்பும் பாடசாலைகளுக்கு. செப்ரெம்பர் இறுதியில் எல்லாப் பாடசாலைகளும் அதே சிலரைத்தான் தேடும். நவம்பரிலோ மே மாதத்திலோ கேளுங்கள், கல்விச் சபையின் பூர்வகுடிக் கல்விப் பிரிவு மூலமாகக் கேளுங்கள். அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் மூத்தோரிடம் கேட்கும்போது துணியில் முடிந்த சிறிதளவு புகையிலை கொடுப்பது முறை. தூர வடக்கின் பூர்வகுடிகளான இனுவிற் மக்களிடம் அந்த வழக்கம் இல்லை, ஆகவே முன்கூட்டியே விசாரியுங்கள். மூலிகைப் புகை காட்டுவதாக இருந்தால் கட்டடப் பராமரிப்பாளருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஆஸ்த்மா உள்ள பிள்ளைகளின் பெற்றாருக்கும் அறிவியுங்கள். சன்மானமும் பயணச் செலவும் அன்றே கையில் கிடைக்க வேண்டும். சபையின் படிவங்களை நிரப்பிப் பணம் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த வேலையை அழைப்பு விடுத்த அன்றே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆரம்பப் பாடசாலைத் தமிழ் ஆசிரியர்கள் சிலர்,
ஸ்காபரோ, ஏஜாக்ஸ்