கிட்டப்பா தட்டு உனக்குத்தான், அக்கா

அக்கா,

நேற்று அப்பாவுக்குத் திதி. ஐயர் கிளம்பியதும் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். இத்தனை வருஷம் சேர்த்த இசைத்தட்டுகளில் ஒன்று உன்னுடையது. இனிமேலும் அதை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

1982 கோடை விடுமுறை. அப்பா கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தார். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டில் பிசுக்கு ஏறியிருந்தது. வாசல் கதவுக்குப் பாலிஷ் போட்ட ஆசாரி மிச்ச ஸ்பிரிட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்குதான் போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்ததும் அரக்கு, அந்தத் தட்டும் அரக்கு என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்? பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. ஊசியை வைத்தால் வெறும் இரைச்சல்.

"யார் தொட்டது?" என்றார் அப்பா. "நான்தான்" என்றாய் நீ.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள். மற்ற நாளில் அவர் எப்படி இருந்தார் என்பது உனக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மன்னித்துவிடு அக்கா.

ஆனால் எப்போது பேச்சை எடுத்தாலும் "விடுடா" என்று ஏன் வாயை அடைத்தாய்? அப்பாவிடம் உண்மையைச் சொல்லக்கூட என்னை விடவில்லை. நீ பெருந்தன்மையாக இருந்துவிட்டாய், நான் கடன்காரனாகவே இருந்துவிட்டேன். வீட்டைக் காலி செய்தபோது பிளேயரை எடைக்குப் போட்டாயே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே? அத்தான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், சரி. இருந்தாலும் ஒரு போன்.

நான் சென்னைக்கு வந்தபோது, பழைய சாமான்கள் விற்ற அந்த மூர் மார்க்கெட் இல்லை. 1985-லேயே எரிந்துவிட்டது. அங்கிருந்த வியாபாரிகள் மாறிப்போன அல்லிக்குளத்துக் கடைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிமிஷத்துக்கு 78 சுற்றுத் தட்டு, 45 சுற்றுத் தட்டு, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. என்று கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். பாட்டுப் பைத்தியம் என்றார்கள். தேடியது அந்த ஒன்றைத்தான்.

2004-ல் கிடைத்தது. விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது, பாட்டைத் தொடவில்லை. ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம். 1933-ல், முப்பது வயது முடியாமலே போய்விட்ட மனுஷன், எட்டுக்கட்டையில் ஏறி நிற்கிறார். நீ அடுப்படியில் கூடவே முணுமுணுப்பாயே, அந்த இடம் வரும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

அன்றே கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். உன் எதிரில் அழுதுவிடுவேனோ என்று பயம். அது பாதிதான். கொடுக்க மனசில்லை என்பது மீதி.

தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள், கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். எல்.பி. ஊசியில் ஓட்டாதே. 78 சுற்றுத் தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலம், அதற்கென்று தனி ஊசி வேண்டும். துடைக்க உலர்ந்த வேட்டித் துணி போதும். பிளேயர் நான் வாங்கித் தருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தம்பி