சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் மெய்யியல் கலந்துரையாடல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடைபெறும் நமது சனிக்கிழமை ஆங்கில வகுப்பில், படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களுக்கு இவ்வாரம் முதல் இலக்கணப் பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் மெய்யியல் கலந்துரையாடல் இடம்பெறும். 1970களில் அமெரிக்கப் பேராசிரியர் மேத்யூ லிப்மன் சிறுவர்களுக்காக வகுத்த முறைப்படி, பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து, சிறு கதையொன்றைப் படித்து, தாங்களே கேள்வி எழுப்பிக் காரணத்துடன் விவாதிப்பார்கள்.

பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு முற்றிலும் புதிதாகிவிட்ட, கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல் இன்னும் அதே கப்பல்தானா என்பதே முதல் கேள்வி. ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிப் பழகிய பிள்ளையும் இதற்கு ‘பிகாஸ்’, ‘இஃப்’ என்று நீண்ட வாக்கியம் அமைத்தே ஆக வேண்டும் என்பதால், பேச்சுப் பயிற்சிக்கு இது மிகவும் ஏற்றது என்று உறுதியாக நம்புகிறேன். ஆசிரியர்கள் பிழைகளை இடைமறித்துத் திருத்தாமல், குறித்துக்கொண்டு இறுதியில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.